ஒவ்வொரு கிளையும் மேப்பில் தெரிய வேண்டுமா? இப்படிச் செய்யுங்கள்

பல இடங்களில் கிளை வைத்திருக்கும் நிறுவனங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது: "நம்ம பிராண்டை எல்லோருக்கும் தெரியும், அப்புறம் ஏன் கூகுள் மேப்பில் நம்மைவிடச் சின்னக் கடையெல்லாம் மேலே வருது?" மேப் தேடல் பிராண்டை வரிசைப்படுத்துவதில்லை, கிளையைத்தான் வரிசைப்படுத்துகிறது. உங்களுக்கு 12 கிளைகள் இருந்தால் மேப்பின் கணக்கில் அவை 12 தனி இடங்கள். ஒவ்வொன்றும் தன் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் போட்டியாளர்களோடு தனியாக மோத வேண்டும். ஒரு கிளை அதன் பகுதியில் முதலாவதாக நிற்கும், அதே பெயர்ப்பலகை மாட்டிய இன்னொரு கிளை நாலு தெரு தள்ளி நின்று தேடினாலே காணாமல் போயிருக்கும். அதனால் கேள்வியை மாற்றுங்கள்: எந்தக் கிளை, எந்தத் தேடலுக்கு, எங்கே நின்று தேடினால் தெரியவில்லை? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் மேப் பற்றிப் பேசுவது நேரத்தைத்தான் தின்னும்.

வரிசை எப்படி முடிவாகிறது

கூகுள் தானே வெளிப்படையாகச் சொல்லும் காரணங்கள் மூன்று: பொருத்தம், தூரம், பிரபலம். தேடிய சொல்லுக்கும் உங்கள் கிளை செய்யும் தொழிலுக்கும் எவ்வளவு ஒட்டுகிறது என்பது பொருத்தம். தேடுகிறவர் நிற்கும் இடத்திலிருந்து, அல்லது அவர் தேடலில் குறிப்பிட்ட இடத்திலிருந்து, கிளை எவ்வளவு பக்கம் என்பது தூரம். பிரபலம் என்பதில் ரிவ்யூக்கள், உங்களுக்கு வரும் இணைய லிங்க்குகள், மற்ற தளங்களில் உங்களைப் பற்றி இருக்கும் விவரங்கள் எல்லாம் அடங்கும். சாதாரணத் தேடல் பக்கத்தில் மேப்போடு சேர்ந்து வரும் பெட்டியில் பெரும்பாலும் 3 இடங்கள்தான் காட்டுகிறார்கள். 2015 ஆகஸ்ட் வரை அது 7 ஆக இருந்தது. அதாவது நாலாவதாக இருக்கும் கிளையைப் பார்க்க, தேடுகிறவர் இன்னொரு முறை தட்டியாக வேண்டும்.

இந்த மூன்றில் தூரத்தை உங்களால் மாற்ற முடியாது. 2021 டிசம்பரில் வந்த ஒரு மாற்றத்துக்கு இந்தத் துறையில் இருப்பவர்கள் விசினிட்டி அப்டேட் என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு பக்கத்தில் இருப்பதற்கான மதிப்பு இன்னும் கூடியது, பெயரில் தேடல் சொற்களைத் திணித்து மேலே வந்துகொண்டிருந்தவர்கள் நிறையப் பேர் கீழே இறங்கினார்கள். ஒரு கிளை ஒரு நகரம் முழுவதுக்கும் முதலிடத்தில் வர வேண்டும் என்று இலக்கு வைத்தால், பெரும்பாலான தொழில்களில் அது நடக்காது. கிளையைச் சுற்றி எவ்வளவு தூரம் வரை முதல் மூன்றுக்குள் வருகிறது, அந்த வட்டத்தை எவ்வளவு பெரிதாக்கலாம் என்று யோசிப்பதுதான் நடைமுறை.

தூரத்தை ஏமாற்றச் சிலர் யாருமே உட்காராத வாடகை முகவரிகளில் கிளை இருப்பதாகப் பதிவு செய்கிறார்கள். தபால் பெட்டி முகவரிகளை கூகுள் ஏற்பதில்லை. விர்ச்சுவல் ஆபீஸ் என்றால், வேலை நேரத்தில் உங்கள் ஆட்களே அங்கு இருந்து வாடிக்கையாளர்களைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் அது விதிமீறல். பல கிளைகள் உள்ள நிறுவனத்துக்கு இதில் இழப்பு அதிகம், ஏனென்றால் ஒரு போலி முகவரியால் வரும் சந்தேகம் அதே கணக்கில் இருக்கும் உண்மையான கிளைகளையும் சேர்த்து இழுத்துப்போடக்கூடும். வேண்டவே வேண்டாம்.

முதல் வேலை: எல்லாக் கிளைகளும் ஒரே கையில்

மேப்பில் ஒரு கிளையின் பெயர், முகவரி, நேரம் போன்ற விவரங்களைப் பதிவு செய்து நிர்வகிக்கும் கூகுள் சேவைக்கு இப்போதைய பெயர் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல். 2021 நவம்பர் வரை கூகுள் மை பிசினஸ் என்று இருந்தது. பழைய வழிகாட்டிகளில் அந்தப் பெயரைப் பார்த்தால் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றுதான்.

தொடங்கும் முன் மேப்பில் போய் உங்கள் நிறுவனத்தின் பெயரையும், ஒவ்வொரு கிளையின் முகவரியையும், ஒவ்வொரு போன் நம்பரையும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள். யாரோ வாடிக்கையாளர் எப்போதோ சேர்த்த பதிவு, பழைய மேலாளர் தன் சொந்த மெயிலில் திறந்த பதிவு, முன்பு உங்களுக்கு வேலை பார்த்த மார்க்கெட்டிங் ஏஜென்சி கையில் இருக்கும் பதிவு என்று பல வெளியே வரும். அவற்றை விட்டுவிட்டுப் புதிதாகத் திறந்தால் ஒரே இடத்துக்கு இரண்டு பதிவாகிவிடும், ரிவ்யூக்களும் இரண்டாகப் பிரிந்துபோகும். ஏற்கெனவே இருக்கும் பதிவுக்கு உரிமை கேட்டு விண்ணப்பியுங்கள். இப்போது அதை வைத்திருப்பவருக்கு 3 நாள் அவகாசம் தருவார்கள், அதற்குள் அவர் பதில் சொல்லாவிட்டால் நீங்களே சரிபார்த்து எடுத்துக்கொள்ளும் வழி கிடைக்கலாம்.

உரிமையாளர் என்ற பொறுப்பு எப்போதும் நிறுவனத்தின் பொதுக் கணக்கிடம்தான் இருக்க வேண்டும். ஏஜென்சிக்கும் கிளை ஆட்களுக்கும் மேலாளர் பொறுப்பு போதும். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஏஜென்சியோடு உறவு முறிந்த பிறகு சொந்தக் கிளையின் வேலை நேரத்தைக்கூட மாற்ற முடியாமல் தவிக்கும் நிறுவனங்கள் உண்மையிலேயே இருக்கின்றன. புதிதாகச் சேர்க்கும் உரிமையாளருக்கோ மேலாளருக்கோ முதல் 7 நாட்கள் சில அதிகாரங்கள் கிடைக்காது (பதிவை நீக்குவது, மற்றவர்களை வெளியேற்றுவது போன்றவை). ஆட்களை மாற்றும்போது அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு கொஞ்சம் முன்கூட்டியே செய்யுங்கள்.

ஒரே நிறுவனத்தின் 10 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் இருந்தால் மொத்தமாகச் சரிபார்க்க விண்ணப்பிக்கலாம். வாடிக்கையாளர் வீட்டுக்கே போய் வேலை செய்து கொடுக்கும் சேவை நிறுவனங்களுக்கு இந்த வசதி இல்லை. விண்ணப்பிக்கும்போது நிறுவனத்தின் இணையதள முகவரியிலேயே இருக்கும் மெயிலைப் பயன்படுத்துங்கள். 10-க்குக் குறைவு என்றால் ஒவ்வொன்றாகத்தான். இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள்: தெரு, பெயர்ப்பலகை, உள்ளே இருக்கும் பொருட்கள் அல்லது கருவிகள், அப்புறம் அந்த இடம் உங்கள் பொறுப்பில்தான் இருக்கிறது என்று காட்டும் ஏதாவது (கடையைச் சாவி போட்டுத் திறப்பது, ஊழியர் மட்டும் போகும் அறைக்குள் போவது) எல்லாம் வெட்டாமல் ஒரே ஓட்டத்தில் வர வேண்டும். கிளை ஆட்களுக்கு ஒரு மாதிரி வீடியோ எடுத்து அனுப்பிவிடுங்கள். பத்து மெயில் எழுதிப் புரிய வைப்பதைவிட அது நல்லது.

ஸ்ப்ரெட்ஷீட்தான் அடித்தளம்

கிளைகளை மொத்தமாக ஏற்ற ஒரு ஸ்ப்ரெட்ஷீட் இருக்கிறது. அதில் ஒவ்வொரு கிளைக்கும் ஸ்டோர் கோட் என்று ஒன்று கொடுக்க வேண்டும். இது வாடிக்கையாளர் கண்ணில் படாது, ஆனால் உங்கள் முழு அமைப்பும் இதைப் பிடித்துத்தான் நிற்கிறது. அதே கோடோடு மறுபடி ஏற்றினால் பழைய பதிவு திருத்தப்படும், கோட் மாறினால் புதுப் பதிவு என்று எடுத்துக்கொள்ளும். ஒரு கிளை மூடிய பிறகு அதன் கோடை வேறு கிளைக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள். கணக்குப் பிரிவோ பில்லிங் மென்பொருளோ ஏற்கெனவே கிளைகளுக்கு எண் கொடுத்திருந்தால் அதையே இங்கும் வைத்துவிடுங்கள், பின்னால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.

ஒரு சின்ன எச்சரிக்கை: ஸ்ப்ரெட்ஷீட் மென்பொருட்கள் எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யத்தைத் தானாகவே தின்றுவிடும். போன் நம்பர், அஞ்சல் குறியீடு இருக்கும் பத்திகளை முதலிலேயே எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

பெயர் விஷயத்தில் எல்லாக் கிளைக்கும் ஒரே பெயர், பெயர்ப்பலகையில் எப்படி இருக்கிறதோ அப்படியே. பக்கத்தில் பகுதிப் பெயரைச் சேர்ப்பது, 'சிறந்த', 'குறைந்த விலை' என்று ஒட்டுவது எல்லாம் விதிக்கு மாறானவை. கிளைகளை அடையாளம் காண முகவரி இருக்கிறது, அதுபோதும். சேர்த்தால் மேலே வரும் என்று யாராவது சொல்வார்கள், சில இடங்களில் இன்னும் வேலை செய்யவும் செய்கிறது. ஆனால் போட்டியாளர் ஒருவர் திருத்தம் அனுப்பினால் அந்தச் சொற்கள் போய்விடும், தொடர்ந்து செய்தால் பதிவே முடங்கிவிடும். நீண்ட நாள் நிற்க வேண்டிய தொழிலுக்கு இந்த வழி சரிப்படாது.

வகைதான் இந்த முழு விஷயத்திலும் நீங்கள் கையாளக்கூடிய மிக வலுவான கருவி. முதன்மை வகை ஒன்று, கூடுதலாக 9 வரை. முதன்மை வகையை எல்லாக் கிளைகளுக்கும் ஒன்றாக வையுங்கள், அதுவும் எவ்வளவு குறிப்பாக இருக்க முடியுமோ அவ்வளவு குறிப்பாக. குழந்தைகள் பல் மருத்துவம் மட்டும் பார்க்கும் மருத்துவமனைக் குழுமம் 'மருத்துவமனை' என்று போட்டுக்கொண்டால் தன்னைத் தானே ஒளித்துக்கொள்கிறது. கூடுதல் வகைகளில் கிளைக்குக் கிளை வித்தியாசம் இருக்கலாம், இருக்கவும் வேண்டும்: ஒரு கண்ணாடிக் கடைக் குழுமத்தில் நாலு கிளைகளில் மட்டும் கண் பரிசோதனை செய்கிறார்கள் என்றால் அந்த நாலுக்கு மட்டும் அந்த வகை. எந்த வகை என்று தெரியாவிட்டால் நீங்கள் வர விரும்பும் தேடலைப் போட்டு, முதலில் வரும் சில போட்டியாளர்களின் பெயருக்குக் கீழே என்ன வகை இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும்.

விவரிப்பு 750 எழுத்துகள் வரை எழுதலாம். அதைத் தேடலுக்காக எழுதாதீர்கள், படிக்கிற மனிதருக்காக எழுதுங்கள். வரிசையில் அது பெரிதாக எதுவும் மாற்றுவதில்லை.

மேப்பில் இடத்தைக் காட்டும் குறி சரியான வாசலில் விழுந்திருக்கிறதா என்பதைக் கிளையில் இருப்பவரே பார்த்துச் சொல்ல வேண்டும். பெரிய கட்டடங்களிலும் வணிக வளாகங்களிலும் அந்தக் குறி பெரும்பாலும் பின்பக்கச் சுவரிலோ வண்டி நிறுத்துமிடத்திலோ போய் விழும். அங்கு வந்து சுற்றித் திரிந்த வாடிக்கையாளர் ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போனால், அது உங்கள் சேவைக்குக் கிடைத்த மதிப்பெண்ணாகத்தான் பதிவாகும்.

வேலை நேரம், இதை அலட்சியப்படுத்தாதீர்கள்

2023 இறுதியில், பெயர் சொல்லாமல் பொதுவாகத் தேடும்போது ஒரு இடம் அந்த நேரத்தில் திறந்திருக்கிறதா என்பதற்கு முன்பைவிட அதிக மதிப்பு தருவதாக கூகுளே உறுதிப்படுத்தியது. மாலை ஏழு மணிக்கு ஒருவர் தேடுகிறார், உங்கள் கிளை எட்டு மணி வரை திறந்திருக்கிறது, ஆனால் பதிவில் ஆறு மணிக்கே மூடுவதாக இருக்கிறது என்றால், அந்த இரண்டு மணி நேரமும் நீங்கள் போட்டியிலேயே இல்லாத மாதிரி ஆகலாம். தலைமை அலுவலகம் எல்லாக் கிளைக்கும் ஒரே நேரத்தைப் போட்டுவிட்டு நிஜத்தில் கிளைகள் தங்கள் இஷ்டப்படி திறந்து மூடுவது மிகவும் பொதுவான பிரச்சினை. எனவே கிளைகளிடம் உண்மையான நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். அதற்காக 24 மணி நேரமும் திறந்திருக்கிறது என்று போடும் குறுக்குவழி வேண்டாம், நள்ளிரவில் வந்து பூட்டைப் பார்த்தவர் அடுத்துச் செய்வது ரிவ்யூ எழுதுவதுதான். விடுமுறை நாட்களுக்குச் சிறப்பு நேரம் என்று தனியாக இருக்கிறது. ஸ்ப்ரெட்ஷீட்டிலேயே வருடத்துக்குத் தேவையான விடுமுறைகளை முன்கூட்டியே ஏற்றிவிடலாம்.

ஒவ்வொரு கிளைக்கும் உங்கள் தளத்தில் ஒரு பக்கம்

மேப்பில் வருவதற்கும் உங்கள் இணையதளத்துக்கும் சம்பந்தமில்லை என்று நினைப்பது தவறு. பதிவில் எந்தப் பக்கத்தை லிங்க் செய்கிறீர்களோ அந்தப் பக்கத்தின் பலமும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் மேப் வரிசையைப் பாதிக்கின்றன. சில சமயம் மேப் முடிவுகளிலேயே "இவர்களுடைய தளத்தில் இன்னதைக் குறிப்பிட்டிருக்கிறார்கள்" என்று ஒரு வரி வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது நேராக அந்தப் பக்கத்திலிருந்து எடுத்ததுதான்.

ஒவ்வொரு கிளைக்கும் தனி முகவரி கொண்ட பக்கம் வேண்டும். பல நிறுவனங்களின் தளத்தில் அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் பக்கத்துக் கிளையைக் காட்டும் ஒரு பெட்டி மட்டும் இருக்கும். மனிதருக்கு அது சரி, ஆனால் கூகுளின் ரோபாட் (தளங்களைப் படித்துச் சேகரிக்கும் மென்பொருள்) பெட்டியில் எதையும் தட்டிப் பார்க்காது, அதனால் உள்ளே இருக்கும் கிளைப் பக்கங்கள் அதற்குத் தெரியவே தெரியாது. எல்லாக் கிளைகளையும் சாதாரண லிங்க்குகளாகப் பட்டியலிட்ட ஒரு பக்கத்தைப் போடுங்கள், நூற்றுக்கணக்கில் இருந்தால் மாநிலம், நகரம் என்று அடுக்காகப் பிரியுங்கள், சைட்மேப்பிலும் (தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிக்குச் சொல்லும் பட்டியல்) சேருங்கள்.

இப்போது கடினமான பகுதி. ஒரே பத்தியை எழுதி ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி 80 பக்கம் உருவாக்குவது யாருக்கும் பயன்படாது. அந்தக் கிளைக்கு மட்டுமே உண்மையான விஷயங்கள் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும்: அங்கு யார் இருக்கிறார்கள், மற்றக் கிளைகளில் இல்லாத என்ன சேவை இங்கே கிடைக்கும், எந்த வாசல் வழியாக வர வேண்டும், வண்டியை எங்கே நிறுத்தலாம், எந்தப் பேருந்து நிறுத்தத்தில் இறங்க வேண்டும், சக்கர நாற்காலியில் வருபவர் உள்ளே வர முடியுமா, அந்தக் கிளையின் உண்மையான புகைப்படங்கள். இதையெல்லாம் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து யாராலும் எழுத முடியாது. கிளை மேலாளருக்கு ஏழெட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை அனுப்பி, வருகிற பதில்களைத் தொகுத்து எழுதினால் பக்கம் தானாகவே மற்றதிலிருந்து வேறுபட்டு நிற்கும். எல்லாக் கிளைக்கும் ஒரே நேரத்தில் செய்ய ஆள் இல்லையென்றால் வருமானம் அதிகம் உள்ள, அதே நேரம் மேப்பில் பின்தங்கியிருக்கும் கிளைகளிலிருந்து ஆரம்பியுங்கள்.

பதிவின் லிங்க் முகப்புப் பக்கத்துக்கா, கிளைப் பக்கத்துக்கா என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முகப்புப் பக்கத்துக்குத்தான் பொதுவாக வெளி லிங்க்குகளின் பலம் அதிகம், அதனால் ஒன்றிரண்டு கிளைகள் மட்டும் உள்ளவர்களுக்கு அது லாபமாக இருக்கலாம். ஆனால் கிளைகள் பெருகிய பிறகு எல்லாவற்றையும் முகப்புக்கு அனுப்பினால் வாடிக்கையாளர்தான் அலைக்கழிவார். கிளைப் பக்கத்தை நன்றாக எழுதி, அதற்கே லிங்க் கொடுங்கள் என்பதே என் கருத்து. வெறுமையான கிளைப் பக்கத்துக்கு லிங்க் கொடுத்துவிட்டு வரிசை குறைந்துவிட்டதே என்று வருந்துவதில் பயனில்லை.

தொழில்நுட்ப ஆட்களுக்கு ஒரு வரி: கிளைப் பக்கங்களில் ஸ்கீமா.ஆர்க் வரையறுத்திருக்கும் லோக்கல் பிசினஸ் மார்க்கப்பை (கிளை விவரங்களைத் தேடுபொறிக்குப் புரியும்படி தரும் குறியீடு) ஜேசன்-எல்டி வடிவில் சேருங்கள், உங்கள் தொழிலுக்குப் பொருந்தும் உட்பிரிவு இருந்தால் அதையே எடுங்கள், அட்ச தீர்க்க ரேகைகளுக்குத் தசமப் புள்ளிக்குப் பின் குறைந்தது 5 இலக்கங்கள் இருக்கட்டும். பக்கத்தில் இருக்கும் விவரமும் மார்க்கப்பில் இருக்கும் விவரமும் மேப் பதிவும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருந்தால் போதும்.

ரிவ்யூக்கள்

பிராண்டுக்கு மொத்தமாக ஆயிரக்கணக்கில் ரிவ்யூ இருக்கிறது என்பதால் ஒரு புதுக் கிளைக்கு நேரடியாக எதுவும் கிடைக்காது. அதன் பதிவில் இருக்கும் ரிவ்யூக்கள்தான் அதன் கணக்கு. எனவே கேட்கும் பழக்கம் கிளை அளவில் வர வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் தனி ரிவ்யூ லிங்க்கும் க்யூ.ஆர் கோடும் கூகுளே தருகிறது. பில்லிலோ வேலை முடிந்த பிறகு அனுப்பும் செய்தியிலோ அந்தக் கிளைக்கான லிங்க்கை வையுங்கள். பொதுவான ஒரு லிங்க்கை எல்லோருக்கும் அனுப்பினால் எல்லா ரிவ்யூவும் தலைமைக் கிளையின் பதிவில் குவிந்துவிடும், தேவைப்படும் கிளை காய்ந்து கிடக்கும்.

தள்ளுபடி, பரிசு கொடுத்து ரிவ்யூ வாங்குவது தடை செய்யப்பட்டது. முதலில் "திருப்தியா?" என்று கேட்டு, திருப்தி என்றவரை மட்டும் கூகுளுக்கு அனுப்பி மற்றவரை உள் படிவத்துக்குத் திருப்பிவிடுவதும் தடைதான். ஊழியர்களை விட்டு எழுத வைப்பதும் அப்படியே. கிளைகளுக்குள் போட்டி வைத்து அதிக ரிவ்யூ வாங்கியவருக்குப் பரிசு என்று தலைமை அறிவிக்கும்போது இந்த மூன்றும் கூடவே நடக்க ஆரம்பித்துவிடுகின்றன, அதனால் அப்படிப்பட்ட போட்டிகளை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

பதில் எழுதுவதில் "உங்கள் கருத்துக்கு நன்றி, மீண்டும் வருக" என்று எல்லாவற்றுக்கும் ஒரே வரியை ஒட்டுவதைவிட, கோபமாக எழுதியவருக்கு மட்டுமாவது கிளை மேலாளர் தன் சொந்த வார்த்தையில் என்ன நடந்தது, என்ன சரி செய்தோம் என்று எழுதுவது நூறு மடங்கு மேல். அதைப் படிக்கப் போவது எழுதியவர் மட்டுமில்லை, நாளைக்கு வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் புதியவரும்தான். இன்னொன்றும் உண்டு. ஒரே கிளையில் "ரொம்ப நேரம் காக்க வைத்தார்கள்" என்று திரும்பத் திரும்ப வந்தால் அது மார்க்கெட்டிங் வேலை கிடையாது. அந்தக் கிளையில் ஆள் பற்றாக்குறை, அதை நிர்வாகம்தான் தீர்க்க வேண்டும்.

சொந்தக் கிளைகளே மோதிக்கொள்ளும்போது

ஒரே பகுதியில் இரண்டு கிளைகள் இருந்தால், பல தேடல்களில் இரண்டில் ஒன்றுதான் தெரியும். 2016 செப்டம்பரில் வந்த மாற்றத்திலிருந்து (துறையினர் வைத்த ஆங்கிலப் பெயர் Possum, 'பாஸம்') ஒரே கட்டடத்திலோ மிகப் பக்கத்திலோ இருக்கும், ஒரே வகையைச் சேர்ந்த பதிவுகளில் ஒன்றைக் காட்டி மற்றதை வடிகட்டிவிடும் பழக்கம் வலுவாகிவிட்டது. மேப்பைப் பெரிதாக்கினால் காணாமல்போனது தலைகாட்டும். இது தண்டனை கிடையாது, பதறிப்போய் புதுப் பதிவு திறக்காதீர்கள். இரண்டு கிளைகளும் உண்மையிலேயே வெவ்வேறு வேலை செய்தால் கூடுதல் வகைகளில் அந்த வித்தியாசத்தைக் காட்டுங்கள். இரண்டும் ஒரே வேலை என்றால், தேடுகிறவருக்குப் பக்கத்தில் இருப்பது தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள், தெரிந்தால் போதும்.

மருத்துவமனை, பல்கலைக்கழகம், கார் விற்பனையகம் போன்றவற்றில் தனி வாசலும் தனி நேரமும் தனி வகையும் உள்ள பிரிவுகளுக்குத் தனிப் பதிவு வைக்கலாம். டாக்டர், வழக்கறிஞர் போன்றவர்களும் தங்கள் பெயரில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பத்து டாக்டர்கள் ஐந்து கிளைகளில் மாறி மாறி உட்காரும் நிறுவனத்தில் எல்லோருக்கும் எல்லா இடத்திலும் பதிவு திறந்தால் பராமரிக்கவே முடியாது. ஒருவர் வேலையை விட்டுப் போனதும் அவர் பதிவும் அதிலுள்ள ரிவ்யூக்களும் என்ன ஆகும் என்று முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் போய் சேவை செய்யும் நிறுவனங்கள், வாடிக்கையாளர் வந்து போகாத இடம் என்றால் முகவரியை மறைத்துவிட்டு, சேவைப் பகுதிகளை மட்டும் 20 வரை கொடுக்க வேண்டும். கிளையிலிருந்து சுமார் 2 மணி நேர வண்டிப் பயணத்துக்குள் அந்தப் பகுதிகள் அடங்க வேண்டும் என்பது விதி. பெரிய பகுதியாகக் கொடுத்தால் எல்லா இடத்திலும் மேலே வரலாம் என்று நினைக்காதீர்கள், அப்படி நடப்பதில்லை. வரிசையில் சரிபார்க்கப்பட்ட முகவரிக்கு எவ்வளவு பக்கம் என்பதுதான் பேசுகிறது.

மற்ற மேப்கள்

ஐபோன் வைத்திருப்பவர்களுக்காக ஆப்பிள் மேப்ஸ் பதிவும் வேண்டும். 2023 ஜனவரியில் ஆப்பிள் பிசினஸ் கனெக்ட் வந்த பிறகு கிளைகளை அங்கே நேரடியாகவே நிர்வகிக்க முடிகிறது. பிங் பிளேசஸில் (மைக்ரோசாஃப்டின் பிங் தேடலுக்கான பதிவுச் சேவை) கூகுள் பதிவை அப்படியே இறக்குமதி செய்துகொள்ளலாம், அதிக நேரம் பிடிக்காது. நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன டைரக்டரி தளங்களில் பணம் கொடுத்துப் பதிவது முன்பு போல முக்கியமில்லை. உங்கள் தொழிலுக்கென்றே இருக்கும் முக்கியமான ஒன்றிரண்டு தளங்களில் விவரம் சரியாக இருக்கட்டும், மீதியை விட்டுவிடலாம்.

அப்படியே விட்டுவிட முடியாது

யார் வேண்டுமானாலும் உங்கள் கிளைக்குத் திருத்தம் பரிந்துரைக்கலாம், கூகுளும் பல இடங்களிலிருந்து விவரம் சேகரித்துத் தானாகவே மாற்றும். நேரம், போன் நம்பர், சில சமயம் "நிரந்தரமாக மூடப்பட்டது" என்றுகூட ஆகிவிடும். எல்லாப் பதிவுகளையும் பதிவிறக்கி, உங்கள் மூல ஸ்ப்ரெட்ஷீட்டோடு மாதம் ஒரு முறையாவது ஒப்பிட ஒருவரை நியமியுங்கள். கூடுதல் பொறுப்பு என்று எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தால் யாரும் செய்யமாட்டார்கள்.

பெயர், முகவரி, முதன்மை வகை ஆகியவற்றை எல்லாக் கிளைகளுக்கும் ஒரே நாளில் மாற்றுவது ஆபத்து. மறுபடி சரிபார்க்கச் சொல்லலாம், பதிவுகள் முடங்கவும் செய்யலாம். சில கிளைகளில் மாற்றிப் பார்த்து, சிக்கல் இல்லையென்றால் தொடருங்கள். முடங்கிவிட்டால் மேல்முறையீடு செய்யும் முன் தொழில் பதிவுச் சான்று, உரிமம், அந்த முகவரிக்கு வந்த மின்கட்டண ரசீது, பெயர்ப்பலகையின் படம் எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். மேல்முறையீட்டை அனுப்பிய பிறகு ஆதாரம் சேர்க்க 60 நிமிடம்தான் கிடைக்கும், அப்போது கிளைக்குப் போன் போட்டு ரசீதைத் தேடச் சொன்னால் நேரம் போய்விடும்.

பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது

அலுவலகத்தில் உட்கார்ந்து உங்கள் போனில் தேடிப் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். நீங்கள் நிற்கும் ஒரு புள்ளியிலிருந்து தெரிவது மட்டும்தான் அது. கிளையைச் சுற்றிக் கட்டம் கட்டமாகப் பல புள்ளிகளிலிருந்து வரிசையைக் காட்டும் கருவிகள் இருக்கின்றன, முக்கியமான நாலைந்து தேடல்களுக்கு மட்டும் அதைப் போட்டுப் பாருங்கள். எல்லாக் கிளைகளின் சராசரி வரிசை என்று ஒரே எண்ணை மேலதிகாரிக்கு அனுப்பினால், நன்றாக இருக்கும் கிளைகள் மோசமான கிளைகளை மறைத்துவிடும். கிளைவாரியாகவே அனுப்புங்கள்.

பதிவின் செயல்பாட்டு அறிக்கையில் போன் அழைப்புகள், வழி கேட்டவர்கள், தளத்துக்குப் போனவர்கள், எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்பதெல்லாம் கிடைக்கும். பதிவில் கொடுக்கும் லிங்க்கின் பின்னால் யூ.டி.எம் குறியீட்டை (வருகிறவர் எங்கிருந்து வந்தார் என்று காட்டும் ஒட்டு) சேர்த்து, அதில் ஸ்டோர் கோடையும் வைத்துவிட்டால், மேப் வழியாக வந்தவர்களைக் தள வருகைகளைக் கணக்கிடும் அனலிட்டிக்ஸ் கருவியில் கிளைவாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். அழைப்புகளைக் கணக்கிடத் தனி நம்பர் பயன்படுத்தினால் அதை முதன்மை நம்பராகவும் கிளையின் உண்மையான நம்பரைக் கூடுதல் நம்பராகவும் வையுங்கள்.

கிளை இடம் மாறினால் பழைய பதிவிலேயே முகவரியை மாற்றுங்கள், புதிது திறக்க வேண்டாம். மூடிவிட்டால் பதிவை நீக்காமல் 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று குறியுங்கள், ஏனென்றால் நீக்குவது உங்கள் கட்டுப்பாட்டை விட்டுக்கொடுப்பதுதான், மேப்பில் அந்த இடம் திறந்திருப்பதாகவே தொடர்ந்து தெரியக்கூடும். தளத்தில் அந்தக் கிளையின் பக்கத்தை அப்படியே செத்துப்போக விடாமல், அடுத்து இருக்கும் கிளையின் பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். பழைய போன் நம்பரையும் கொஞ்ச காலம் அங்கேயே திருப்பி வையுங்கள், பழைய பில்லில் இருக்கும் நம்பரைப் பார்த்து அழைக்கிறவர்கள் இருப்பார்கள்.